முன்னால் ஒருவர், பின்னால் முப்பத்தைந்து பேர்: மலையக வகுப்பறையில் ஸ்மார்ட் போர்ட்டைப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

விரலால் தொட்டு எழுதவும் படங்களை இழுக்கவும் முடிகிற ஸ்மார்ட் போர்ட் பாடசாலைக்கு வந்து இறங்கும் நாளில் ஒரு திருவிழாக் களை இருக்கும். லொறியிலிருந்து இறக்க ஆட்கள் ஓடி வருவார்கள். சுவரில் பூட்டி முடிக்கும்வரை பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். மறுநாள் காலை ஆசிரியர் அறையில் எல்லோருடைய கண்ணும் ஒருவர் மேல் விழும். தகவல் தொழில்நுட்பம் படிப்பிப்பவராக இருக்கலாம், போனில் எல்லாம் செய்யத் தெரிந்த இளம் ஆசிரியராக இருக்கலாம். "கொஞ்சம் காட்டித் தாங்களேன் சேர்" என்ற பொறுப்பு யார் தலையில் விழுந்ததோ, அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் இதே வேலையைச் செய்துவருபவன் நான்.

நான் நடத்திய முதல் பயிற்சி இரண்டு மணித்தியாலம். பலகையில் என்னவெல்லாம் உண்டோ அத்தனையையும் காட்டினேன். பேனாவின் நிறங்கள், உருப்பெருக்கி, கடிகாரம், வடிவங்கள், திரைப்பதிவு என்று ஒன்றையும் விடவில்லை. ஆசிரியர்கள் அமைதியாகக் குறிப்பெடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பாடசாலைக்குப் போனபோது பலகையை வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் கருவியைப் படிப்பித்துவிட்டு வந்திருந்தேன். அவர்களுக்குத் தேவைப்பட்டதோ, நாளை இரண்டாம் பாடவேளைக்கு ஒரு பாடம்.

இன்னொன்றும் பிறகுதான் புரிந்தது. பலகை ஓயாமல் ஓடுகிற வகுப்பிலும் பெரும்பாலான பிள்ளைகள் சும்மா இருக்கலாம். இங்கிலாந்தில் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பப் பாடசாலைகளுக்கு இந்தப் பலகைகளை அரசாங்கம் பெருமளவில் கொடுத்தது. வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்த ஆய்வாளர்கள் கண்டது, பாடத்தின் வேகம் கூடியிருக்கிறது, குழுவாக வேலை செய்யும் நேரம் குறைந்திருக்கிறது என்பதை. ஆசிரியர் கேட்க, பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொல்லும் பழைய முறை அப்படியே இருந்தது. நம்முடைய வகுப்பிலும் அதுதான் நடக்கும், நாம் கவனிக்காவிட்டால். ஒரு பிள்ளை முன்னால் போய்ப் படத்தை இழுக்கிறது, மற்ற முப்பத்தைந்து பிள்ளைகள் அதன் முதுகைப் பார்க்கின்றன. அந்த முப்பத்தைந்து பேருக்கும் என்ன வேலை என்ற கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

படி 1: எதையும் காட்டுவதற்கு முன் போய் உட்காருங்கள்

உதவி கேட்ட ஆசிரியரின் வகுப்பில் ஒரு பாடவேளை பின்வரிசையில் உட்காருங்கள். பலகை ஓடாத வகுப்பானால் இன்னும் நல்லது. அவர் எங்கே நன்றாகப் படிப்பிக்கிறார், எந்த இடத்தில் பிள்ளைகள் கழன்றுவிடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். மதிப்பீட்டுப் படிவம் எதையும் கையில் வைத்திருக்காதீர்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒவ்வொரு வருஷமும் எந்தப் பாடம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?" இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. பின்னம், மின்சுற்று, வரைபடம் வாசித்தல், சந்தி பிரித்தல். அந்த ஒரு பாடத்தில் தொடங்குங்கள். ஏற்கெனவே நன்றாகப் போகிற பாடத்துக்குப் பலகையைக் கொண்டுபோனால் கெடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

நேரம் ஒரு பெரிய பிரச்சினை. பாடசாலை விட்டதும் பஸ்ஸுக்கு ஓட வேண்டியவர்கள்தான் நம்மில் அதிகம். அதனால் பின்னேரப் பயிற்சி வேண்டாம். பாடவேளை இல்லாத நேரத்தில் இருபது நிமிடம், ஒருவருடனோ இருவருடனோ. அது போதும்.

படி 2: பலகையை மலைக்கு ஏற்றபடி தயார் செய்யுங்கள்

கொழும்பில் எழுதிய கைநூலில் இவை இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஸ்வெட்டர். நமக்கு வரும் பலகைகளில் பலவற்றின் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கதிரை எது மறித்தாலும் அதைத் தொடுகையாகவே பலகை எடுத்துக்கொள்ளும். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரின் தளர்ந்த கைப்பகுதி, விரல் படுவதற்கு முன்பே கதிரை மறித்துவிடும். வேறெங்கோ ஒரு கோடு விழும், பிள்ளை பயந்துபோய்க் கையை எடுத்துவிடும். கையை முழங்கைவரை மடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே கரும்பலகை இருந்தால் வெண்கட்டித் தூள் சட்டத்தின் ஓரத்தில் படிந்து இதே தொல்லையைத் தரும். வாரத்துக்கு ஒரு தடவை உலர்ந்த மெல்லிய துணியால் ஓரத்தைத் துடையுங்கள்.

இரண்டாவது உயரம். தரம் 2 பிள்ளைக்குப் பலகையின் கீழ் மூன்றில் ஒரு பகுதிதான் எட்டும். இழுக்க வேண்டிய படங்கள், தொட வேண்டிய விடைகள் எல்லாம் அந்தக் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். வாசிக்க மட்டும் உள்ளதை மேலே போடுங்கள். பிள்ளையை நாற்காலியில் ஏற்றிவிடுவது ஆபத்து.

மூன்றாவது ஈரமும் இடியும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறையில் ஈரம் சேரும். பாடம் இருக்கிறதோ இல்லையோ, வாரத்தில் இரண்டு நாளாவது ஜன்னலைத் திறந்துவிட்டுப் பலகையைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி நமக்குப் பழக்கமானது. அந்த மாதங்களில் கடைசிப் பாடவேளை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வைக்க இரண்டு மாணவத் தலைவர்களிடம் பொறுப்புக் கொடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

புரொஜெக்டருடன் வேலை செய்யும் பலகையானால், யாராவது மேசையை இடித்துவிட்டால் தொடும் இடம் ஒன்று, கோடு விழும் இடம் இன்னொன்று என்று ஆகிவிடும். மூலைகளில் தோன்றும் புள்ளிகளைத் தொட்டுச் சரிசெய்யும் முறையை எல்லா ஆசிரியர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

அப்புறம் எழுத்துரு. இதனால் அழுத ஆசிரியரை எனக்குத் தெரியும். வீட்டில் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பாடம் தயாரித்துக்கொண்டு வந்தார். பலகையில் திறந்தால் தமிழ் இல்லை. சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிரம்பி நின்றன. பாமினி நிறுவப்படாத கணினியில் அப்படித்தான் தெரியும். அண்ட்ரொய்டில் ஓடும் பலகைகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் அடிக்கப் பழக்குங்கள். விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா எழுத்துருக்கள் போதும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. அவசரத்துக்கு பி.டி.எப் ஆகச் சேமித்துக் கொண்டுவந்தால் எழுத்து மாறாது, ஆனால் படங்களை இழுக்க முடியாது.

படி 3: முதல் மாதம் மூன்றே வேலைகள்

எழுதுவது, மூடித் திறப்பது, இழுப்பது. இந்த மூன்றையும் தவிர வேறெதையும் காட்டாதீர்கள்.

மூடித் திறப்பதில்தான் சூட்சுமம் அதிகம். ஒரு படத்தின் மேல் கறுப்புச் சதுரத்தை வைத்து ஒரு மூலையை மட்டும் காட்டுங்கள். "என்ன இருக்கும்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ரயில் பாலத்தின் ஒரு வளைவைப் பார்த்ததும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் என்று பிள்ளைகள் கத்துவார்கள். சரி, எதை வைத்துச் சொன்னார்கள்? கல்லா, வளைவா, பின்னால் தெரியும் தேயிலையா? காரணம் சொல்லும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

காட்டும்போது ஒரு விதி. உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஆசிரியர் தடுமாறும்போது பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிச் செய்து காட்டத் தோன்றும். வாங்கிவிட்டால் அவர் அன்று எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். வாயால் மட்டும் சொல்லுங்கள். ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஒரு டீச்சருக்கு இது இன்னும் முக்கியம். அவர் முப்பது வருடம் வெண்கட்டியோடு வாழ்ந்தவர். பிள்ளைகளுக்கு முன்னால் தவறிவிடுவோமோ என்ற பயம் நியாயமானது. வகுப்பில் ஆள் இல்லாத நேரத்தில் தனியாக விட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள்.

கொட்டகலை, பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து வரும் இளம் ஆசிரியர்களுக்குத் தொடுதிரை கைவந்த கலை. மூத்தவர்களுக்கோ எந்தக் கேள்விக்குப் பிள்ளை எங்கே தடுமாறும் என்பது அத்துப்படி. ஒருவரையும் மற்றவரையும் ஜோடி சேர்த்துவிட்டால் உங்கள் வேலை பாதியாகும்.

படி 4: ஒரு பாடத்தைச் சேர்ந்து செய்யுங்கள்

எப்படி என்று ஒரு பாடத்தை வைத்தே காட்டுகிறேன். வரைபடத்தில் மேடு பள்ளத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் "கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்து" என்று மனப்பாடம் செய்வார்கள். வரைபடத்தைக் கொடுத்தால் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது.

புவியியல் டீச்சரும் நானும் பாடசாலை மைதானத்தில் நின்று எதிரே இருந்த மலையைப் போனில் படம் எடுத்தோம். வீ.பி. தேயிலை, அதாவது வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்து நிரையாக நட்ட தேயிலை, உள்ள மலை. நிரைகள் சரிவைச் சுற்றிக்கொண்டு போவது தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படத்தை ஓபன்போர்ட் என்ற இலவச மென்பொருளில் பின்னணியாகப் பூட்டினோம். பூட்டாவிட்டால் பிள்ளை வரையும்போது படமே நகர்ந்துவிடும்.

வகுப்பில் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "கொழுந்து எடுக்கிறவங்க எந்தப் பக்கமாப் போவாங்க?" ஒரு பிள்ளை வந்து ஒரு நிரையின் மேல் விரலால் கோடு இழுத்தது. அடுத்தது இன்னொரு நிரை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான்: "அம்மா நிரையில போகும்போது ஏறமாட்டாங்க டீச்சர். நிரை முடிஞ்சாத்தான் மேல ஏறுவாங்க." ஒரே உயரத்தில் போகும் கோடு என்ற வரைவிலக்கணத்தை அவன் தன் வாயால் சொல்லிவிட்டான். டீச்சர் அதை அப்படியே பலகையில் எழுதினார்.

அடுத்து, பக்கத்தைப் பிரதி எடுத்து அதில் படத்தை நீக்கினோம். கோடுகள் மட்டும் நின்றன. வகுப்பு ஒரு கணம் அடங்கிப்போனது. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பக்கத்திலிருந்து எடுத்த படத்தின் கோடுகள் வரைபடத்துக் கோடுகள் அல்ல. அதை மறைக்காமல் அடுத்த கேள்வியாக்கினோம்: "கழுகு மாதிரி மேலே நின்று பார்த்தால் இந்தக் கோடுகள் எப்படித் தெரியும்? கொப்பியில் வரையுங்கள்." நான்கு நிமிடம். எல்லோரும் வரைந்த பிறகுதான் அதே மலையின் செய்மதிப் படத்தைத் திறந்தோம். அதை முதல் நாளே இறக்கி வைத்திருந்தோம். தங்கள் படத்தோடு ஒப்பிட்டுச் சரியோ பிழையோ அவர்களே சொன்னார்கள். உண்மையில் நிரைகள் அங்கங்கே கொஞ்சம் ஏறும் இறங்கும் என்பதையும் ஒரு பிள்ளை கண்டுபிடித்தது. பாட ஆயத்தத்துக்கு எங்களுக்குச் செலவானது முக்கால் மணித்தியாலம்.

கவனியுங்கள், பலகையைத் தொட்டவர்கள் ஐந்து பேர்தான். வரைந்தவர்கள் எல்லோரும்.

இதே அச்சில் மற்றப் பாடங்களையும் வார்க்கலாம். தரம் 4 கணிதத்துக்குக் கொழுந்து நிறுவையை எடுங்கள். காலையில் 6 கிலோ, பகலில் 7, அந்திக்கு 5. மூன்று சாக்குப் படங்களைத் தராசில் இழுத்துப் போட வைத்து, இழுப்பதற்கு முன்பே தராசு எந்தப் பக்கம் சாயும் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கேள்வி முதலில், இழுப்பது பிறகு.

படி 5: பின்னால் இருப்பவர்களுக்கு வாக்குச்சீட்டு

எல்லாப் பிள்ளைகளுக்கும் டெப் என்ற கைத் தொடுதிரைக் கணினி தேவையில்லை. நான்கு நிற அட்டை போதும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். பலகையில் நான்கு விடை, அதே நான்கு நிறத்தில். ஆசிரியர் "காட்டுங்கள்" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றிக்கொள்வார்கள்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கும் எரிக் மசூர் 1990களிலிருந்து இதை ஒரு முறையாகவே வளர்த்தவர். முதலில் ஒவ்வொருவரும் தனியாக வாக்களிக்க வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் நூற்றுக்கு 30க்கும் 70க்கும் இடையில் இருந்தால் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் வாக்கு. 30க்குக் குறைந்தால் பாடம் விளங்கவில்லை, திரும்பப் படிப்பிக்க வேண்டும். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முப்பத்தாறு பேர் உள்ள வகுப்பில் பதினொன்றுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் என்று நினைவில் வைத்தால் எண்ணுவது சுலபம்.

நல்ல கேள்வி தயாரிப்பதுதான் கஷ்டம். பிழையான மூன்று விடைகளும் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகளாக இருக்க வேண்டும். 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்றால் நான்கு பெரியது என்பதால் 1/4 என்று சொல்லும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. மூத்த ஆசிரியரின் பழைய பயிற்சிக் கொப்பிகள் இதற்குத் தங்கச் சுரங்கம்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசின. பலகையின் மூலையில் உள்ள கடிகாரத்துக்கு நான் கண்ட நல்ல பயன் இதுதான்.

படி 6: டேட்டா இல்லாமலே ஓடட்டும்

சிக்னலுக்கு மைதான மூலைக்குப் போக வேண்டிய பாடசாலைகள் நமக்குப் புதிதல்ல. அதனால் எல்லாவற்றையும் டவுனில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவருவதே வழி. வைரஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகு திறவுங்கள்.

கணிதத்துக்கு ஜியோஜிப்ரா என்ற மென்பொருள். முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிள்ளை இழுக்கும்போது மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே போகும், கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நிற்கும். இழுப்பதற்கு முன் "எது மாறும், எது மாறாது?" என்று அட்டை வாக்கு. விஞ்ஞானத்துக்கு ஃபெட் என்ற, திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகள். 2001இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வைமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, தராசு, பின்னம் என்று தேவையானதைத் தனித்தனிக் கோப்பாக இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே ஓடும். தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கிவைத்துப் படிக்க கிவிக்ஸ். வானத்துக்கு ஸ்டெல்லேரியம். இடத்தை நுவரெலியா என்று கொடுத்தால், மாதக்கணக்கில் மூடுபனி மறைத்த வானத்தைப் பட்டப்பகலில் வகுப்புக்குள் இறக்கலாம். பாடநூல்களையும் வேறு பல பாடங்களையும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

படி 7: கரண்ட் போனால்

போகும். அதனால் ஒவ்வொரு பாடத்திலும் பலகைக்கான பங்கு பதினைந்து நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான படத்தை ஏ4 தாளில் ஆறு பிரதி அச்செடுத்து மேசை லாச்சியில் வைத்திருங்கள், குழுவுக்கு ஒன்று. நிற அட்டைகளுக்குக் கரண்ட் தேவையில்லை.

படி 8: பிள்ளைகள் செய்யட்டும்

இரண்டாம் தவணையளவில் இதைத் தொடங்கலாம். பலகையில் வருவதை ஆசிரியர் மட்டுமே தயாரிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தரம் 7இல் செய்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் பருவத்தில் பிள்ளைகள் தோட்டத்தில் தப்பு என்ற பறையை அடிப்பவர்களிடம் கேட்டு, அனுமதி வாங்கி, போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து வந்தார்கள். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு அடியும் ஒரு கூர்முனையாகத் திரையில் நிற்கும். ஒரு சுற்றில் எத்தனை அடி, எந்த அடிக்கு நடுவில் இடைவெளி இரட்டிப்பு என்று பலகையிலேயே கோடு போட்டுக் குறித்தார்கள். கணித சேர் அதைப் பின்னமாக எழுத வைத்தார், தமிழ் டீச்சர் அதே பதிவை வைத்துக் கூத்துப் பற்றி அரைப் பக்கம் எழுத வைத்தார். ஒரு பிள்ளையின் தாத்தாதான் தப்பு அடித்தவர். அவரைப் பாடசாலைக்கு அழைத்து வந்து, பலகையில் ஓடும் அலைக்குப் பக்கத்தில் நின்று அதே சுற்றை அடித்துக் காட்டச் சொன்னோம். அவர் அடிக்க அடிக்க, பிள்ளைகள் பலகையைப் பார்த்து விரலால் மேசையில் எண்ணினார்கள். இடையில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க நீங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார். பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். சிறிய கூர்முனை ஒன்றைப் பிள்ளைகள் உண்மையாகவே விட்டிருந்தார்கள். பேனாவைத் தாத்தாவிடம் கொடுத்தோம், அவரே போய்க் குறித்தார்.

அந்தக் கோப்பைத் தரம், பாடம், மாதம் போட்டுப் பெயரிட்டுப் பொதுக் கோப்புறையில் வைத்திருக்கிறோம். உங்கள் பாடசாலையிலும் அப்படியொரு கோப்புறையை இன்றே திறந்துவிடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முதல் பக்கத்திலும் மூன்று வரி இருக்கட்டும்: பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி, பலகையைத் தொட்டவர்கள் எத்தனை பேர், அந்த நேரத்தில் மற்றவர்கள் செய்த வேலை.